கூப்பிடாத வீட்டுக்குள் நுழையாத வீரன்

கதையும் சண்டையுமாக நாற்பது மணி நேரம் ஓடுகிற பழைய ஜப்பான் வீடியோ கேம்கள் உண்டு. அவற்றில் நான் கரை கண்டவன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நாமக்கல்லில் கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

என் கூட்டாளி வெண்ணந்தூர்க்காரன், முட்டை லோடு லாரி ஓட்டுகிறவன். போன வருடம் லாரி மேல் தார்ப்பாய் கட்டும்போது விழுந்ததில் முதுகெலும்பில் விரிசல். ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார் டாக்டர். இவனோ பத்தாம் நாளே வண்டியைப் பார்க்கப் போய், வலியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மறுபடி முதலிலிருந்து ஆறு வாரம். இன்னொரு தடவை எழுந்தால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அவர எப்படியாச்சும் படுக்க வெய்யுங்கண்ணா. நாஞ்சொன்னாக் கேக்கறதில்லீங்க." அழுதேவிட்டார்.

"எங்கிட்ட உடுங்க தங்கச்சி" என்றேன். எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பழைய சாமான் விற்கிற கடையில் கைக்கடக்கமான கேம் மெஷின் ஒன்றை வாங்கி, எனக்குப் பிடித்த கேமைப் போட்டு, அவன் மார்பின் மேல் வைத்தேன். வைத்ததோடு நிற்காமல் பாடமும் நடத்தினேன்.

கதையைத் துரத்தாதே, அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. ஊரைச் சுற்றியுள்ள காட்டில் சில்லறைப் பிராணிகளோடு சண்டை போட்டு உடம்பைத் தேற்றிக்கொள். மருந்தைப் பதுக்கி வைக்காதே, அது குடிக்கத்தான். தோற்பது போலத் தெரிந்தால் ஓடு, வெட்கமே இல்லை. முக்கியமாக, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் எல்லாரிடமும் பேசு, பெட்டி பானை எதையும் திறக்காமல் விடாதே.

நான்காம் நாள் போய்ப் பார்த்தால், முதல் குகைப் பூதத்திடமே உதைபட்டுக்கொண்டிருந்தான். கையில் ஆரம்பத்தில் கொடுத்த மரக்கத்தி. நல்ல கத்தி பக்கத்து வீட்டுப் பெட்டியில் இருக்கிறது!

"ஏண்டா, ஊட்டுக்குள்ள போவலியா?"

"கதவு சாத்தியிருக்குது. வாங்கன்னு ஒருத்தருஞ் சொல்லல. அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூந்து பானையத் தொறக்கறதா? என்னைய என்ன திருட்டுப்பயன்னு நெனச்சியா?"

"அட கிறுக்கா, அது பொம்மை ஊடு!"

"பொம்மைன்னா மட்டும்?"

எனக்கு வந்ததே கோபம்! நான் கத்த, அவன் கத்த, மெஷினைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றினான். என் வாயாலேயே இவனை எழுப்பிவிடுவேன் போலிருந்தது.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தார். அவன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, மெஷினைப் பார்த்து, "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "கூப்புட்டாச்சு. இப்பப் போங்க."

அவன் அவரைப் பார்த்தான். பிறகு மெஷினை எடுத்து அந்த வீட்டுக்குள் போனான். உள்ளே இருந்த கிழவர் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். காலேஜ் படித்தவர் அவன் மனைவி. திரையில் வந்ததைப் படித்து, "உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கச் சொல்றாருங்க" என்றார். அதன் பிறகே பெட்டி திறந்தது.

அன்று முதல் அதுதான் வழக்கம். ஒவ்வொரு வாசலிலும் மனைவி கூப்பிடுவார், அவன் நுழைவான். எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லாத பானையை அவன் தொடவே இல்லை. அதனால் கையில் மருந்து கிடையாது, காட்டிலேயே சுற்றிச் சுற்றிச் சண்டை. நான் மூன்று வாரத்தில் முடித்த கேம் அவர்களுக்கு ஆறு வாரம் இழுத்தது. எவ்வளவு நல்லதாகப் போயிற்று! நான் போகும்போதெல்லாம் அவர் கட்டிலோரம் நாற்காலி போட்டு, வெங்காயம் உரித்தபடியே வசனம் படித்துக்கொண்டிருப்பார். வந்தவனைக்கூட இருவரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆறு வாரம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. இன்னும் ஒரு மாதம் கழித்து வண்டி எடுக்கவும் டாக்டர் சம்மதித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவன் வாசலில் நின்று போனில் லோடு பேசிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா தங்கச்சி, சொன்னபடி படுக்க வெச்சனா இல்லியா?"

அவர் காப்பியைக் கொடுத்துவிட்டு, மெஷினை முந்தானையால் துடைத்தார். "கண்ணாலம் ஆயி ஒம்போது வருசமாச்சுங்கண்ணா. அவரு சேந்தாப்புல பத்து நாள் ஊட்ல இருந்ததில்லீங்க." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "இதவிடப் பெரிய கேம் ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?"

இருக்கிறது. நூறு மணி நேரம் ஓடுகிற ஒன்று என்னிடமே இருக்கிறது. வாசலில் அவன், "நாளைக்கே ஏறிக்கறனுங்க, அதெல்லாம் சரியாப் போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.