ஒன்பதாம் இலக்க அம்பு

என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு மர அம்பு கிடக்கிறது. நீளம் இருபத்தொன்பது அங்குலம். வாலில் மூன்று சிறகுகள். அவற்றில் ஒன்று பாதி உதிர்ந்துவிட்டது. முனையில் இருபுறமும் கூரான இரும்பு அலகு. யாரையும் கீறிவிடக் கூடாதென்று அதில் ஒரு போத்தல் தக்கையைச் செருகியிருக்கிறேன். தக்கையின் எடை பதினொரு கிரெயின், முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. அம்பை நிறுக்கும்போது கழற்றிவிடுவேன். தண்டில், சிறகுக்குச் சற்று முன்னால், கறுப்பு மையில் 9 என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. வெஸ்ட்மீட்டின் இந்த மாடி வீட்டுக்கு வருமுன் நான்கு வீடுகள் மாறினேன். கதிரைகளையும் புத்தகங்களையும் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், இதை மட்டும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பார்ப்பவர்கள் என்னை ஒரு காலத்து வேட்டைக்காரன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நான் முட்டைகூடத் தொடாத சைவம். அம்பைத் தராசில் வைத்து நிறுத்துக் கொடுத்தவன் மட்டும்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்த நகரில், ஸ்ட்ராத்ஃபீல்டிலும் சுற்றுப்புறத்திலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஏழு குடும்பங்கள் எங்களைப் போல யாழ்ப்பாணத்தார். பதினொன்றாவது, மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இங்கே படிக்க வந்து, நில அளவையாளராகத் தங்கிவிட்ட ஒருவருடையது. எல்லோருக்கும் அவர் சர்வேயர் அண்ணை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் பரமட்டாவில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் மருந்து கலப்பவன். மாத்திரைகளை இரண்டு முறை எண்ணித்தான் போத்தலில் போடுவேன். ஒரு முறை, ஒரு மாத்திரை குறைந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், வேலை முடிந்ததும் பஸ் ஏறி அந்தக் கிழவியின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினேன். குறையவில்லை. இந்தக் கதை பதினொரு குடும்பங்களுக்கும் பரவி, சர்வேயர் அண்ணை எனக்குக் கிராணியார் என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் தொழிலாளர் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுக்கும் கணக்கருக்கு அங்கே அதுதான் பெயராம்.

“எங்கம்மா வாளியில கொண்டு வந்த பாலை ஒரு கிராணி நிறுத்தான். அம்மா ஒரு நாளும் அவன் முகத்தை நிமிந்து பாத்ததில்ல. அவனுக்கப்புறம் தராசோட நிக்கிற ஆளு நீங்கதான்லா. உங்க முகத்தைப் பாக்கலாம், பயமில்ல” என்பார், மலேசியாவின் ‘லா’ மாறாமல்.

அவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, வில் வேட்டை. புளூ மவுண்டன்ஸுக்கு அப்பால் அவர் எல்லை அளந்து கொடுத்த பண்ணை ஒன்று இருந்தது. அங்கே காட்டாடுகள் பெருகிப் புல்லை அழித்ததால், பண்ணைக்காரர் படலைப் பூட்டின் திறப்பையே அவரிடம் கொடுத்திருந்தார். குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, சர்வேயர் அண்ணை எங்கள் குசினி மேசையில் ஒரு கட்டு அம்பை வைத்தார். முதல் நாள் அவர் அடித்த ஆடு ஒன்று, விலாவில் அம்போடு ஓடிவிட்டது. ஆறு மணி நேரம் தேடினாராம். கிடைக்கவில்லை.

“அம்பு லேசு. வேகமா போகுது, எலும்புல பட்டதும் நின்னுருது. இன்னும் ஒண்ணு காயத்தோட ஓடிச்சுன்னா வில்லை வெச்சிர்றேன், கிராணியாரே. சத்தியம். எனக்குக் கனமான அம்பு வேணும். கனம் முன்னாடி இருக்கணும். நீங்கதான் நிறுத்துத் தரணும்.”

நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அடுப்படியில் நின்றபடியே அவள் சொன்னாள்: “வெள்ளிக்கிழமையில வெங்காயமும் தொடமாட்டார். இப்ப ஆட்டுக்கு அம்பு நிறுக்கப் போறார். நல்ல சைவம்!”

“தங்கச்சி, ஆடு எப்படியும் சாகப்போகுது. நான் போகலேன்னா பண்ணைக்காரன் விஷம் வெப்பான். சீக்கிரம் சாகட்டும்னு கேக்குறேன், அவ்வளவுதான்” என்றார் அவர். அவள் தேநீரை அவர் முன்னால் கொஞ்சம் மெதுவாக வைத்தாள்.

நாடு கிராமுக்கு மாறியபின் கடையில் பயனற்றுக் கிடந்த கிரெயின் படிக்கற்கள், சிறிய பித்தளைத் துண்டுகள், ஒரு மரப்பெட்டியோடு என்னிடம் வந்திருந்தன. ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக் கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. வில்லாளிகள் உலகமெங்கும் இன்னும் அந்த அளவில்தான் பேசுவார்கள். அவருடைய பழைய அம்பு 450 கிரெயின். அதைக் கத்தியின் முதுகில் கிடத்தி அசையாமல் நிற்கும் புள்ளியைப் பார்த்தோம். நடுவிலிருந்து இரண்டரை அங்குலம் முன்னால் நின்றது. அடுத்த ஞாயிறு அவர் ஓர் இறகுப்பந்தைக் கொண்டு வந்தார். மலேசியாவில் அதை விளையாடாத பிள்ளை இல்லை என்பார். அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் எறிந்து காட்டினார். எப்படி எறிந்தாலும் தக்கைத் தலை முன்னால் திரும்பிக்கொண்டுதான் விழுந்தது. அம்பும் அப்படித்தான். தலை கனமாக இருந்தால் பின்னாலுள்ள சிறகுக்கு வேலை சுலபம். தண்டு சீக்கிரம் நேராகிவிடும். நேராகப் போகிற அம்பின் முழுக் கனமும் கூருக்குப் பின்னால் ஒரே கோட்டில் தள்ளும். சற்றுக் கோணலாகப் பட்டாலும் பாதி வலு பக்கவாட்டில் வீணாகிவிடும்.

ஆனால் கனத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தலையை மட்டும் கனமாக்கினால், நாணை விடும்போது மெலிந்த தண்டு அதிகமாக வளையும். ஆகவே விறைப்பான தண்டுகள் வாங்கினோம். கனமான அம்பு மெதுவாகப் போகும், தூரத்தில் சட்டென்று தாழும். முன்பு முப்பத்தைந்து அடிவைப்பில் நின்று அம்பு விட்டவர் இனி இருபதுக்குள் நெருங்க வேண்டும். நான் அதைக் குறையாகச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். “அதுதான் வேணும்லா. தூரத்துல நின்னு அடிக்கிறவனுக்கு ஆடு ஒரு புள்ளி. கிட்டப் போனா அது மூச்சு விடுறது தெரியும். விடலாமா வேணாமான்னு யோசிப்பான்.” எடையின் கணக்கை நான் போட்டேன், தூரத்தின் கணக்கை அவர் போட்டார். என் கணக்குக்குத் தசமப் புள்ளி உண்டு என்பதால் அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து ஞாயிறுகளில் பன்னிரண்டு அம்புகள் தயாராயின. ஒவ்வொன்றும் 580 கிரெயின். சமநிலை, நடுவிலிருந்து ஐந்து அங்குலம் முன்னால், அதாவது நீளத்தில் நூற்றுக்குப் பதினேழு. இப்படித்தான் கொப்பியில் எழுதினேன். எழுதியதில் ஒரு வரி பொய்.

மரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்பதாம் அம்பின் தண்டு மற்றவற்றைவிட முப்பது கிரெயின் குறைவு. கடைசி ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு, அலகுகளை எல்லாம் சூடாக்கி ஒட்டி முடித்த பிறகுதான் அதைக் கண்டேன். ஆறு மணிக்கு அவர் வருவார். முறையாகச் செய்வதென்றால் அந்தத் தண்டை ஒதுக்கிவிட்டுப் பதினொன்றாகக் கொடுக்க வேண்டும். அல்லது ஒட்டுப்பசையை உருக்கி அலகைக் கழற்றி, முன்னால் ஈயம் வைக்க வேண்டும். பதினொன்று எனக்குப் பிடிக்காத எண். முன்பக்கம் ஒட்டி முடிந்துவிட்டது, பின்பக்கம் திறந்திருந்தது. நாணில் பொருத்தும் குதைக்குக் கீழே சிறு துளையிட்டு, முப்பது கிரெயின் ஈயக் கம்பியைச் செருகி மூடினேன். தராசு 580 காட்டியது. கத்தி முதுகில் வைத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலம் பின்வாங்கியிருந்தது. அதைப் பார்த்தபிறகும் கொப்பியில் ஐந்து என்றே எழுதினேன். மொத்தம் சரியாக வந்த மகிழ்ச்சியில், அந்த மொத்தம் எங்கே இருக்கிறது என்பதை மறைத்தேன்.

அவர் ஆறு அம்புகளை எடுத்துப் பயிற்சி செய்தார். கூர் மழுங்கக் கூடாதென்று மற்ற ஆறையும் வேட்டைக்கு வைத்துக்கொண்டார். ஒன்பது அந்த ஆறில் இருந்தது.

வேட்டைக்கு நானும் போனேன். என் கணக்கு வேலை செய்வதைப் பார்க்கும் ஆசை. மேட்டில் ஒரு மரத்தடியில் அவருடைய தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன். கீழே அவர் நாற்பது நிமிடம் தவழ்ந்தார். பதினெட்டு அடிவைப்பு, பிறகு நானே நடந்து எண்ணினேன். நாண் விட்ட ஒலி எனக்கு எட்டவில்லை. அம்பு போனது தெரிந்தது. அதன் வால் நாய் வாலைப் போல இப்படியும் அப்படியும் ஆடியது. ஆடு துள்ளி, விலாவில் நீட்டிக்கொண்டிருந்த அம்போடு பாறைகளுக்குள் ஓடியது.

இரத்தத் துளிகளைத் தேடிக்கொண்டு போனோம். நாற்பத்தேழு வரை எண்ணினேன். நாற்பத்தெட்டாவதைக் காண ஒரு மணி நேரம் ஆனது. பிற்பகல் மூன்றேகாலுக்கு, வறண்ட ஓடையில், படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டைக் கண்டோம். அவர் இன்னோர் அம்பை எடுத்தார், நான்காம் இலக்கம். அது உடலைக் கடந்து மறுபக்க மண்ணில் போய் நின்றது. பிறகு முழங்காலிட்டு முதல் அம்பை இழுத்தார். நான்கு விரல் ஆழம்தான் போயிருந்தது. என்னிடம் நீட்டினார். நான் எண்ணைப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் படலைத் திறப்பைப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டார். காரில் இரண்டரை மணி நேரம். சிக்னல்களில் நிற்கும்போதெல்லாம் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துப் பார்த்தார்.

“விரல் சரியா விடல. அதான் வால் ஆடிச்சு. கை போயிருச்சு, கிராணியாரே.”

“அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை” என்றேன். என் மடியில் ஒன்பதாம் அம்பு இருந்தது. பரமட்டா வரை பதினேழு சிக்னல்கள். அத்தனையையும் எண்ணினேன்.

இருபத்துமூன்று நாள் கழித்துச் சொல்லப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, “வில்லைத் தன்கூட வேலை செய்யிறவருக்குக் குடுத்துட்டாரு. நல்லதாப் போச்சு, இனி ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு” என்று சிரித்தார். சர்வேயர் அண்ணையிடம் மிஞ்சியிருந்த நான்காம் அம்பையும் நான் கொண்டுபோன ஒன்பதாம் அம்பையும் அவர்கள் குசினிக் கத்தியின் முதுகில் மாறி மாறி வைத்து அவருக்குக் காட்டினேன். ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். முக்கால் அங்குல வித்தியாசத்தைக் காணாதவரல்ல.

“இதை ஏன் அன்னிக்கே கார்ல சொல்லல?”

“பயந்திட்டன் அண்ணை.”

அவர் என் தோளில் கையை வைத்தார். “யாரு, நீங்களா? ஒரு மாத்திரை குறைஞ்சிருக்கும்னு பஸ் ஏறிப் போன மனுஷன் நீங்க. நீங்க தப்புப் பண்ணிட்டு இருபத்து மூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்களா? ஈயத்தை எப்ப வெச்சீங்க, நேத்தா?”

“இல்லை அண்ணை, அண்டைக்கே வச்சனான். வேணுமெண்டால் கொப்பியைப் பாருங்கோ.”

சொன்ன பிறகுதான், கொப்பியில் ஐந்து அங்குலம் என்று இருப்பது நினைவுக்கு வந்தது.

“விடுங்கலா. நல்ல மனசு உங்களுக்கு. என் கை எனக்குத் தெரியாதா?” என்றார். மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் போடச் சொன்னார். அவர் வீட்டில் நான் குடித்த எத்தனையோ தேநீரில் அதைத்தான் முடிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அலுவலகத்தில் கேட்டு மேசை வேலைக்கு மாறிக்கொண்டார். காட்டிலும் வெயிலிலும் கருவியோடு நின்று அளந்தவர், பிறர் அளந்து வந்ததைத் தாளில் சரிபார்த்தார். அதுவும் என் கணக்கில்தான் சேருமா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. வயதாகிக்கொண்டிருந்தது, முதுகுவலியும் இருந்தது, வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இப்படிச் சொல்லிக்கொள்வேன், பிறகு அழித்துவிடுவேன். ஓய்வுபெற்று ஈப்போவுக்குத் திரும்பியபின் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். பத்தொன்பது அட்டைகள். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். அவர் காலமான செய்தி வந்த அன்று, பத்தொன்பதையும் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட நடுங்கியிருக்கவில்லை.

இன்று காலை தக்கையைக் கழற்றிவிட்டு, அம்பை வழக்கம்போலக் கத்தியின் முதுகில் கிடத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. கத்தியை மேசையில் ஊன்றிப் பிடித்தேன், அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் முறை அம்பு தரையில் விழுந்தது. ஒரு வருடமாக எனக்கு வலது கையில் நடுக்கம். தேநீர்க் கோப்பையைத் தட்டிலிருந்து எடுக்கும்போது பீங்கான் ஓசைப்படும், கையெழுத்து வங்கியில் பொருந்துவதில்லை. கை போவது என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அன்று காரில், சிக்னல் சிவப்பில், அவர் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்த கையை நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து விரல்கள். ஒன்றுகூட நடுங்கவில்லை.