லிட்டருக்குப் பத்து என்றவன்

என் கொழுந்தன் பொய் சொன்னான். எங்கள் பழைய டீசல் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று, தன் மகளின் காதுகுத்துப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். "டீசலக் குடிக்குது. வித்துடலாம்மா" என்றான். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் தலையாட்டினார். கார் அவர் பெயரில் இருக்கிறது. அந்தத் தலையாட்டலில் என் பிழைப்பு போய்விடும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நான் கேளம்பாக்கத்தில் சமைத்து, சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்கு வெளியே ரோட்டோரம் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து மதியச் சாப்பாடு விற்கிறேன். காலையில் நெம்மேலிக்குப் போய் மீன் வாங்கி வருவதும் அதே காரில்தான். சோற்று அண்டா, குழம்பு, ரசம், வறுத்த மீன் எல்லாம் பின்சீட்டிலும் டிக்கியிலும் ஏறும். கார் இல்லாவிட்டால் கடை இல்லை. என் கொழுந்தனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் மனைவியும் என்னோடுதான் சமைக்கிறாள்.

அவனுக்கு டைல்ஸ் கடை இருக்கிறது. புதுக் கார் வாங்க ஆசை. எங்கள் காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டால் அவனுக்கு நல்லது. நேராகக் கேட்டிருந்தால் நேராக முடியாது என்று சொல்லியிருப்பேன். அவன் மைலேஜைப் பிடித்துக்கொண்டான். போதாததற்கு டெல்லியில் பழைய டீசல் வண்டிக்குத் தடை என்றும் எடுத்துவிட்டான். நாங்கள் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில்.

எங்கள் ஊர் ஆண்கள் சம்பளத்தைக் குறைத்துச் சொல்வார்கள், மைலேஜை ஏற்றிச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமும் இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி பத்து என்கிறான். ஒரே கார், ஒரே குடும்பம், இரண்டு வாய்.

பத்து எப்படி வந்தது என்று அவன் மனைவியிடம் கேட்டேன். ஒரு சனிக்கிழமை கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனவன், வந்ததும் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டானாம். "வண்டியக் குலுக்கிக் குலுக்கி கழுத்து வரைக்கும் ஊத்தினேன்னு பெருமையா சொன்னாரு அக்கா" என்றாள். எனக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. அவன் எடுத்துப் போவதற்கு முன்னால் டீசல் போட்டது நான். பங்க்கில் பைப் தானாகக் கட் ஆனதும் போதும் என்று வந்துவிட்டேன்.

டீசல் விழும்போது நுரைக்கும். நுரை மேலே வந்து பைப்பின் மூக்கைத் தொட்டதும், டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து பைப் நின்றுவிடும். நுரை அடங்கக் காத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். போகும்போது நுரையோடு நின்ற டேங்க்கை, வரும்போது கழுத்து வரை நிரப்பினான். கார் குடிக்காத டீசலையும் கார் குடித்த கணக்கில் எழுதினான். மாமல்லபுரம் பக்கத்து ஊர். அந்தத் தூரத்துக்கு அந்த இரண்டு மூன்று லிட்டர் போதும், மானத்தை வாங்கிவிடும்.

இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் அவன் கடைக்கே போனேன். ஆட்கள் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம வா. நீயும் நானும் ஒரே ரோட்ல போவோம். ஒரே பங்க்ல, ஒரே பம்ப்ல ஊத்துவோம். நான் ஒரு வாட்டி ஓட்டறேன், நீ ஒரு வாட்டி ஓட்டு."

"இன்னா அண்ணி, பந்தயமா?"

"பந்தயம் இல்ல. நீ சொன்னதுக்குக் கணக்கு."

வந்தான். ஏசி போட்டுத்தான் ஓட்டவேண்டும் என்றான். சரி என்றேன். பங்க்கில் நுரை அடங்கும்வரை நின்றோம். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, பாலா காய்ச்சுற, பொங்கட்டும்னு நிக்கிற?" என்றார். நான் நகரவில்லை. கழுத்தில் டீசல் தெரிந்த பிறகுதான் மூடி போட்டேன்.

கோவளம் வழியாக ஈசிஆர் பிடித்து, நெம்மேலி, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர் வழியாக வீடு. இதுதான் ரோடு. நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில், அவன் மனைவி பின்னால்.

ஸ்பீடு பிரேக்கர் தூரத்தில் தெரிந்ததும் காலை எடுத்துவிடுவது என் வழக்கம். வண்டி தானாக அடங்கி வரும். பிரேக்கை மிதித்தால், பிறகு அந்த வேகத்தை டீசல் ஊற்றித்தான் திரும்ப எடுக்கவேண்டும். டிக்கியில் குழம்பு வைத்து ஓட்டியவளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். பிரேக்கை மிதித்தால் குழம்பு கொட்டும்.

நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைத் தாண்டும்போதே அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணி, சாமி ஊர்வலமா? ஷேர் ஆட்டோ தாண்டிப் போவுது பாரு."

"போவட்டும். நீ சும்மா குந்திக்கினு வா."

பின்னாலிருந்து அவன் மனைவி, "அக்கா ஓட்டினா தூக்கம் வருது. நீ ஓட்டினா வாந்தி வருது" என்றாள்.

"நீ யாரு பக்கம்?"

"நான் பின்சீட்டு பக்கம்."

செங்கல்பட்டில் ரயில்வே மேம்பாலம் இறங்கும்போது, "நியூட்ரல்ல போடு அண்ணி, டீசல் மிச்சம்" என்றான். இவனைப்போல் எத்தனை பேர். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். டீசல் போகாது. நியூட்ரலில் போட்டால், இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார்கள். பிரேக்குக்கும் ஆபத்து. சொன்னேன். "இதெல்லாம் யாரு சொன்னது?" என்றான். திருப்போரூர் மெக்கானிக் என்றேன். "அவன் கெடக்கறான்" என்றான். அவனுடைய பைக்கைப் பார்ப்பதும் அதே மெக்கானிக்தான்.

திரும்பி வந்து அதே பம்ப்பில் நிரப்பினோம். மறுபடி நுரை, மறுபடி காத்திருப்பு. போனில் கணக்குப் போட்டேன். பதினெட்டு. அவன் தன் போனில் ஒருமுறை போட்டான். பிறகு மனைவியின் போனை வாங்கி ஒருமுறை போட்டான். பதினெட்டு பதினெட்டாகவே நின்றது.

அடுத்த ஞாயிறு அவன் ஓட்டினான். அதே ரோடு, அதே மூன்று பேர், அதே ஏசி. மாமல்லபுரம் வரை பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போய், அமுக்கி, பிரேக் அடித்து, மறுபடி அமுக்கி. நிரப்பியபோது பதின்மூன்று வந்தது.

பங்க்கில் டேங்க் மூடியைப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்தான். "சரி அண்ணி. நீ சொன்னது கரெக்ட்டு. அத்தோட வுடு" என்றான்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரின் இருபத்திரண்டும் பொய்தான். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அதையும் கேட்டுவிட்டேன்.

"அப்போ வந்துச்சு" என்றார்.

"எப்போ?"

"புதுசுல."

"நம்ம வூட்டுக்கு வரும்போதே அது பழசு."

ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பதினெட்டும் தினசரிக் கணக்கு இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டுக் கணக்கு. சிறுசேரி போகும் நாட்களில் சிக்னல், லாரி, குழி எல்லாம் சேர்ந்து பதினைந்துதான் வந்தது. அதுவும் எனக்குப் போதும். ஆனால் அளந்து பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மெக்கானிக்கிடம் விட்டேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், கடற்கரை மணல் கொட்டியது. "வண்டி மூச்சு வுட முடியாம இருந்திருக்குதே" என்று புதிது போட்டார். டயர்களில் காற்று குறைவாக இருந்தது, ஏற்றினார். பெரிய சிக்னல்களில் இன்ஜினை அணைக்க ஆரம்பித்தேன். இப்போது சிறுசேரி ரோட்டிலேயே பதினாறைத் தாண்டுகிறது. பழைய வண்டி தேறாது என்று சொல்பவர்கள் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நல்லது வேறும் நடந்திருக்கிறது. கொழுந்தன் மனைவி எல்எல்ஆர் எடுத்துவிட்டாள். காலையில் நெம்மேலி போகும்போது நான் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டுகிறாள். சாவியைப் பாதி திருப்பி, டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்து இன்ஜின் சூடேறும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறாள். டீசல் வண்டிக்கு அந்தப் பொறுமை வேண்டும், புருஷனிடம் இல்லாதது அவளிடம் இருக்கிறது. லைசென்ஸ் வந்ததும் கேளம்பாக்கம் ஃபிளாட்டுகளுக்கு மாலை டிபன் போடலாம் என்று பேசியிருக்கிறோம். ஒரே கார், மதியம் எனக்கு, மாலை அவளுக்கு. இப்போதே ஃபிளாட் பெண்கள் என்றைக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

இவ்வளவும் ஒரு வார்த்தையில் நிற்கிறது. மாமியார் இன்னும் பத்து என்றே நம்புகிறார். பதினெட்டு வந்ததை நானே போய்ச் சொன்னேன். "உன் வண்டிக்கு நீயே சர்டிபிகேட் குடுத்துக்காத" என்றார். கொழுந்தன் மனைவி சொன்னாள். "நீ அவகூட சேந்துகினு பேசுற" என்றார். "அவன் கடை வெச்சிக்கினு கீறான். கணக்கு தெரியாதா அவனுக்கு?" என்று முடித்துவிட்டார். மூத்த பிள்ளை சொல்லலாம் என்றால், இருபத்திரண்டு என்றவர் பேச்சு எடுபடாது. பத்து என்று சொன்ன பிள்ளையேதான் அதை மாற்றவேண்டும். அவனோ, பங்க்கில் என் காதில் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறான். அத்தனை பேர் முன்னால் பழி, ஒருத்தி காதில் மட்டும் சமாதானம். இது எந்த ஊர் நியாயம்?

அடுத்த மாசம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எல்லோரும் கூடுகிறோம். அங்கே வைத்துக் காரை என்ன செய்வது என்று முடிவு சொல்வதாக மாமியார் சொல்லியிருக்கிறார்.

அதனால் இனி உன்னிடம் நேராகவே கேட்கிறேன், தம்பி. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. நீ புதுக் கார் வாங்கு, முதல் சாப்பாட்டுப் பொட்டலம் நானே அதில் வைக்கிறேன். ஆனால் கோயிலில் அத்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ திற. பத்து என்றாயே, அது எப்படி வந்தது? நான் ஓட்டி எவ்வளவு வந்தது, நீ ஓட்டி எவ்வளவு வந்தது? உன் அம்மா, உன் அண்ணன், உன் பெண்டாட்டி, பந்தியில் உன் பேச்சைக் கேட்ட அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்.