இடது கை க்ளவுஸைத் தேடி

நியமன உத்தரவில் அவர் ‘மாணவர் நல ஆலோசகர்’. பிள்ளைகள் வைத்த பெயர் ‘தொலைஞ்ச மிஸ்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பார். இப்போது கூப்பிடாவிட்டால்தான் மனசு ஒரு மாதிரியாகிவிடுகிறது.

அதற்கு முன்பு அவர் ஆஸ்பத்திரியில், குடியையும் போதையையும் விட வருகிறவர்களுக்கான வார்டில் இருந்தார். ஈரல் பாதி போன பிறகு வந்து படுக்கிற ஆட்களிடம், “எப்ப ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டால், “ஸ்கூல்ல படிக்கிறப்ப” என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுவதைவிட ஆறு புறப்படுகிற இடத்துக்கே போய்விடலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

வந்த இடத்தில் அவருக்கு மாடிப்படிக்கு எதிரே ஓர் அறை கொடுத்தார்கள். வாசலில் சிவப்பு எழுத்தில், ‘மது, போதைப் பழக்க ஆலோசனை அறை’ என்று ஒரு பலகை. பள்ளிக்கூடம் மொத்தமும் ஏறி இறங்குகிற படிக்கு எதிரே அந்தக் கதவைத் தட்டுவதும், கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவதும் ஒன்றுதான். முதல் பருவத்தில் ஆலோசனை கேட்க வந்தது ஒரு புறா மட்டும். அதுவும் ஜன்னல் வழியாக.

“ஒருத்தர்கூட வரலையே மேடம். நம்ம பிள்ளைங்க எல்லாம் தங்கம்னு அர்த்தம்” என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார்.

“தங்கம் ஏன் சார் கழிப்பறைக்குப் பின்னாடி நின்னு இருமுது?” என்றார் இவர். அந்தக் கேள்வி அன்றைய கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் காவலாளி, இடமில்லை என்று, பிள்ளைகள் தொலைத்த சாமான் பெட்டியைக் கொண்டுவந்து அவர் அறையில் போட்டார். தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் சாக்ஸ், குடை, மூடி மட்டும் உள்ள டிபன் பாக்ஸ். மறுநாள் ஒரு பெண் குடை தேடி வந்தாள். எடுத்துக் காட்டினார். தன் பெயரே எழுதியிருந்த குடையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இல்ல மிஸ்” என்றாள். போகவும் இல்லை. சற்று நேரம் கழித்து, “அப்பா குடிச்சிட்டு வந்தா, அவர் தூங்குற வரைக்கும் வீட்டுக்குப் போகாம வெளியவே இருக்கிறது தப்பா மிஸ்?” என்று கேட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் அதே குடையைத் தேடி வந்துகொண்டிருந்தாள். நனைந்துகொண்டேதான் வந்தாள்.

அவள் முதன்முதலில் வந்த அன்றைக்கே பலகையைக் கழற்றி, பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டார். தேடுகிற சாமானை உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று தனக்கென்று ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். “அடுத்த வாரம் வந்து பாரு, கிடைச்சாலும் கிடைக்கும்.” அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சாமான் தொலைக்கிற வேகத்தைப் பார்த்து பெற்றோர்கள் கவலைப்பட்டார்கள்.

கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. “ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுக்கு வந்தா சிரிக்கவே மாட்ட. இப்ப ஒத்தச் செருப்புக்குக் காவல் இருக்க, சிரிப்பு தாங்கல” என்பார்.

அப்படி வந்தவன்தான் ஒட்டகம். பதினொன்றாம் வகுப்பு, கால்பந்து அணியின் கோல்கீப்பர். கழுத்தும் காலும் தனித்தனியாக வளர்ந்த பையன். அவன் தேடியது கோல்கீப்பர் க்ளவுஸ், இடது கை. அதன் விரல் அவன் பையிலிருந்தே எட்டிப் பார்த்ததை மிஸ் முதல் நாளே பார்த்துவிட்டார். இவனும் குடைக்காரி ஜாதகம்தான் என்று விட்டுவிட்டார். ஆனால் பையன் மைதானத்திலும் ஒற்றைக் க்ளவுஸோடு நின்றான். இடது பக்கம் வந்த பந்தெல்லாம் வலைக்குள் போயிற்று. ஊர்த்திட்டு அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாக்குக்காக இவ்வளவு பாடுபடுகிறானே என்று அவருக்கே ஆச்சரியம்.

தேட வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொன்னான். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது பழைய மாணவர்கள் சிலர் அவனிடம் ‘வலி தெரியாது’ என்று மாத்திரை நீட்டியிருக்கிறார்கள். முதலில் வலிக்கு, பிறகு வலிக்காதபோதும். இப்போது நிறுத்தியிருந்தான். மிஸ் சொல்லி, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தான். “ஆனா சனிக்கிழமை மேட்ச் இருக்கு. அவனுங்க கண்டிப்பா வருவானுங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாயே வராது மிஸ். வெள்ளிக்கிழமை வந்து தேடுறேன். அப்ப எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க.”

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் தலைமையாசிரியருக்கு ஒழுங்கு பிடித்தது. திங்களன்று மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். காலைக் கூட்டத்தில் பெட்டியை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி, பெயர் வாசித்து, சாமான்களை உரியவர்களிடம் கைதட்டலோடு ஒப்படைத்தார். குடைக்காரிக்குக் குடை கிடைத்தது. பரிசு வாங்க மேடையேறிய எந்தப் பிள்ளையின் முகமும் அப்படி வாடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மிச்சம் மீதி குப்பைக்குப் போயிற்று. பழைய பலகைக்குச் சாயம் அடித்து மறுபடி மாட்டினார்கள். சிவப்பு இன்னும் நல்ல சிவப்பாக இருந்தது.

“உங்க வேலையைப் பாதியாக் குறைச்சிட்டேன் மேடம்!” கெட்ட மனுஷர் இல்லை, உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்து நின்றார்.

“முழுசாவே குறைச்சிட்டீங்க சார்.”

இடைவேளையில் ஒட்டகம் நடைக்கோடி வரை வந்தான். பலகையைப் பார்த்தான். அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். திரும்பிப் போய்விட்டான். மிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் அவன் நெற்றியில் அவரே முத்திரை குத்தியதாகிவிடும். கூப்பிடாவிட்டால் நாளைக்குச் சனிக்கிழமை.

கடைசி மணி அடித்ததும் கண்ணாடியை உச்சந்தலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அணி பயிற்சியில் இருந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், குனிந்து புல்லில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“என்ன மிஸ் தேடுறீங்க?”

“கண்ணாடிடா. இங்கதான் எங்கயோ விழுந்துடுச்சு.”

ஒட்டகத்தின் உயரத்துக்கு அவர் உச்சந்தலை நன்றாகவே தெரியும். கண்ணாடி அங்கே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், புல்லையும் பார்த்தான். பிறகு, “ஃப்ரேம் என்ன கலர் மிஸ்?” என்றான்.

“கறுப்பு.”

“கறுப்புன்னா புல்லுல கஷ்டம்தான்.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனும் குனிந்தான்.

எல்லைக்கோட்டை ஒட்டி இருவரும் தேடிக்கொண்டே போனார்கள்.

“நான்தான் அந்த அண்ணன்னு வெச்சுக்க. டேய் ஒட்டகம், இந்தாடா.”

“இவ்வளவு மரியாதையா எல்லாம் பேச மாட்டானுங்க மிஸ்.”

“கெட்ட வார்த்தைய நீயே சேத்துக்கடா. சொல்லு.”

“வேணாம்ணே… இல்லண்ணே, வந்து, எங்கம்மா…”

“பந்து வர்றப்ப அதுக்குக் காரணம் சொல்லிட்டா தடுக்கிற?”

சிரித்துவிட்டான். மறுபடி சொன்னான். புல்லைப் பார்த்துச் சொன்ன ‘வேணாம்’, போகப் போக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே வந்தது. கொடிக் கம்பத்தருகே நின்று பைக்குள் கைவிட்டான்.

“மிஸ். க்ளவுஸ் கிடைச்சிடுச்சு.”

வாங்கியபோது உள்ளே விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மாத்திரை அட்டை. “போன மேட்ச்ல குடுத்தது. திங்கல மிஸ், சத்தியமா. தூக்கிப் போடவும் கை வரல. அதான் இதைப் போட்டுக்கவே இல்ல.”

சாக்கு என்று தான் நினைத்தது இத்தனை நாளும் அவன் சுமந்த பாரம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட்டையை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு க்ளவுஸைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு ரெண்டு கையும் வேணும்ல. அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுவோம். நானும் கூட வர்றேன்.”

அவன் தலையாட்டினான். க்ளவுஸை மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

அதற்குள் பயிற்சி நின்றுபோயிருந்தது. அணி மொத்தமும் ஒவ்வொருவராக வந்து குனிந்து தேட ஆரம்பித்திருந்தது. சிலர் அவர் பக்கத்திலேயே தேடினார்கள். ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மிஸ், நீங்க திங்கக்கிழமையும் தேடுவீங்களா?” என்று கேட்டான்.

பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது: “மிஸ், கண்ணாடி உங்க தலையிலதான்…”

“டேய்!” என்றான் ஒட்டகம். “வாய மூடிட்டு தேடுடா.”