டேனரிப் பக்கம் வாய் திறந்த கோபுரம்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி தொழிலாளர்களுக்காக ஒரு சமுதாயக் கூடம் கட்ட முடிவு செய்தபோது, அதை வரைய வந்த ஆர்க்கிடெக்டுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். நான் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்வது, டீ வரவழைப்பது, அவர்கள் பேசும்போது தலையாட்டுவது எல்லாம் என் வேலைதான்.

அவர் பாலைவன நாடுகளில் படித்துவிட்டு வந்தவர். அங்கே மின்சாரம் இல்லாத காலத்திலேயே மண் வீடுகள் எப்படிக் குளுகுளுவென்று இருந்தன என்று லேப்டாப்பில் படம் காட்டினார். பருத்த மண் சுவர், குவிந்த கூரை, உயரத்தில் ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்க ஒரு கோபுரம், அதன் அடியில் தண்ணீர்த் தொட்டி. காற்று தண்ணீரைத் தொட்டுக் குளிர்ந்து கூடம் முழுக்கப் பரவுமாம். அந்த வீடுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வெயிலையும் தங்கள் காற்றையும் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். இந்த மனிதர் படத்தைப் பார்த்துக் கட்டினார்.

மனையைப் பார்க்க வந்த அன்று, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் அவர் காரைவிட்டு இறங்கி நின்றார். தென்மேற்கே கையைக் காட்டி, கோடையில் காற்று அங்கிருந்து வரும், கோபுரத்தின் வாய் அந்தப் பக்கம்தான் திறந்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் வரிசையாகத் தோல் பதனிடும் டேனரிகள்.

“சார், அந்தக் காத்துல தோல் நாத்தமும் சேர்ந்து வருமே?” என்று கேட்டேன்.

“ஸ்மெல் எங்க ஸ்கோப்ல இல்லை, மேடம். நாங்க டெம்பரேச்சர் மட்டும்தான் பார்க்கறோம்.”

கூட வந்திருந்த என் மேலதிகாரி என்னை முறைத்தார். நான் டீக்கடைக்காரரிடம் கிளாஸ்களைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டேன்.

கூடம் எழும்பியது. கூரையில் மின்விசிறி மாட்ட ஒரு கொக்கிகூட வைக்கவில்லை. வைத்தால் கட்டடத்துக்கே அவமானம் என்பதுபோல் பேசினார்கள். திறப்பு விழாவைப் பனி விழும் ஜனவரியில் வைத்தார்கள். அந்தக் குளிரில் எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகைகூடச் சில்லென்றுதான் இருக்கும். விருந்தினர்கள் சுவரைத் தடவித் தடவி வியந்தார்கள். குவிந்த கூரைக்குக் கீழே மைக்கில் பேசியதெல்லாம் எதிரொலித்துக் கலங்கி ஒருவருக்கும் புரியவில்லை. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. தொட்டியில் ஊற்றிய போர்வெல் தண்ணீர் எங்கள் ஊர்த் தண்ணீர்தானே. உப்புப் பூத்து ஓரமெல்லாம் வெள்ளையாகி, கொசு பிடித்து, கொஞ்ச நாளிலேயே அதைக் காலி செய்தார்கள்.

ஜூன் மாதம் என் தங்கைக்கு அந்தக் கூடத்தில் நிச்சயதார்த்தம் வைத்தோம். அவளும் அதே கம்பெனிதான், ஸ்டிச்சிங் பிரிவில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை வீடு திருப்பத்தூர். பையனுக்குப் பெங்களூரில் ஆபீஸ் வேலை. அவனுடைய அம்மா பள்ளி ஆசிரியை. வந்ததிலிருந்து எங்கள் ஆட்களை வகுப்பில் பிந்தி வந்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் ஜெபம் தொடங்கியபோது காற்று எழுந்தது. கோபுரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. டேனரியின் மொத்த வாடையையும் அள்ளி எங்கள் தலைமேல் இறக்கியது. எங்களுக்கு அது பழகிய வாடை, ஆனாலும் தெருவில் வந்து போகிற வாடை. இப்படி ஒரு அறைக்குள் கூட்டி வந்து உட்கார வைத்த வாடை அல்ல. கைக்குழந்தைகள் அழுதன. சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆமென் சொன்ன மறுநிமிடம் ஆரம்பித்தார்.

“இந்த நாத்தத்துல எப்படிங்க இருக்கீங்க? கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு இந்த வேலைக்குப் போவ வேணாம். தோல் வாடை எங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது.”

என் அம்மா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். தங்கை அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பையனைப் பார்த்தாள்.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். “அம்மா சொல்றது கரெக்ட்தானே? உனக்குத்தான் நல்லது.”

“கால்ல போட்டுனு இருக்கீங்களே ஷூ, அது இன்னா தேங்கா நார்லயா தெச்சது?”

பின்வரிசையில் ஸ்டிச்சிங் பெண்கள் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். அவன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். தங்கை பாஸ்டரிடம் போய், “மன்னிச்சிடுங்க பாஸ்டர், மோதிரம் மாத்த வேணாம். எல்லாரும் சாப்ட்டுப் போவட்டும்” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பெண்ணை வேலையை விடச் சொல்லும் அளவுக்குக் குமட்டிய நாற்றம், இரண்டாம் முறை பிரியாணி கேட்டு வாங்குவதற்குத் தடையாக இல்லை. சம்பந்தியம்மா தயிர்ப் பச்சடியில் வெங்காயம் கம்மி என்றுகூடச் சொன்னார்.

கோபுரத்தை அடைத்துவிடலாமா என்று நான் அலுவலகத்தில் கேட்டேன். ஆர்க்கிடெக்டின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாதாம். அவரோ வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ கோபுரம் கட்டப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, தங்கையும் ஸ்டிச்சிங் பெண்களும் கழித்துப் போட்ட ரெக்சின் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து ஒரு பெரிய உறை செய்தார்கள். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய்க் கோபுரத்தின் வாயில் இழுத்துக் கட்டினார்கள். பச்சை, கறுப்பு, பிரவுன் எனக் கண்றாவியாக இருந்தது. கம்பெனி வேறு வழியில்லாமல் நின்று சுற்றும் விசிறிகளை வாங்கிப் போட்டது.

தங்கைக்கு இன்னும் வரன் பார்க்கிறோம். அவளுக்கு அவசரமில்லை.

மழைக்காலம் முடிந்து ஆர்க்கிடெக்ட் ஒரு போட்டோகிராபரோடு வந்தார். ஏதோ விருதுக்கு அனுப்ப வேண்டுமாம். உறையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“யார் இதைப் பண்ணது? உடனே அவுக்கச் சொல்லுங்க, மேடம்.”

“கட்டினவங்க ஷிப்ட்ல இருக்காங்க சார். வேணும்னா நீங்களே மேல ஏறி அவுத்துக்குங்க,” என்றேன்.

மேலே ஏறிப் பாதியில் இறங்கிவிட்டார். காற்று அன்று நல்ல வேகம். கடைசியில் உறை தெரியாத பக்கமாகப் போய் நின்று படம் எடுத்தார்கள். உள்ளே இருந்த விசிறிகளையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். தையல் பழக வந்திருந்த பெண்களையும் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். விருது கிடைத்தது. அந்தப் படம் இப்போது எங்கள் கம்பெனி வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. வெயில் சுவரில் சாய்ந்து விழுந்து, மிக அழகான படம்தான். அதில் ஒரு ஆள்கூட இல்லை.