ஐம்பதைத் தாண்டாத றமீஸ் சேர்

வியாழன் காலை பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மரணச் செய்தி வந்தது. றமீஸ் சேர் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். எதற்குமே அவசரப்படாத மனிதர் இதற்கு மட்டும் ஏன் இப்படி அவசரப்பட்டார் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவரோடு காரில் போனவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும்.

மாம்புரியிலிருந்து புத்தளத்துக்கு அவருடைய சின்னக் காரில் ஒன்பது வருடம் போய்வந்தேன். வேகத்தில் ஐம்பதைத் தாண்டமாட்டார். பஸ்காரன் பின்னால் ஹோர்ன் அடித்துக் கத்துவான், இவருக்குக் காது கேட்காது. தூரத்தில் ஓர் ஆடு தெரிந்தால் போதும், அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். "பிரேக்க மிதிச்சா, எரிச்ச பெற்றோல றோட்டுல ஊத்தின மாதிரி" என்பார். ஏசி போடுவதில்லை. எங்களோடு வரும் நஸீரா டீச்சரிடம், நாற்பது கொப்பியையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி கொண்டுபோங்கள் என்று சொன்ன மனிதர். கணிதம் படிப்பித்தவர் வேறு, வாதாடி வெல்ல முடியாது.

பாரம் குறையட்டும் என்று ஸ்பெயார் டயரையும் கழற்றி வீட்டில் வைத்திருந்தார். ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது நுரைச்சோலையில் பஞ்சரானது. உச்சி வெயிலில் மூவரும் றோட்டோரம் நின்றோம். "அது ஒரு நாள்தானே சேர். மத்த நாளெல்லாம் மிச்சம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. பெற்றோல் செட்களில் நாள்கணக்காக வரிசை. ஒரு பகலில், நாள் வருமுன்பே என் மனைவிக்கு வலி கண்டது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனதால், வலி என்றால் உடனே சிலாபம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரில் அன்றைக்கு ஓடக்கூடிய வாகனம் அவருடையது ஒன்றுதான். கூப்பிட்டவுடன் வந்தார். வந்தவர் ஐம்பதிலேயே போனார்.

கத்தினேன், கெஞ்சினேன். வழியில் முந்தலில் அவள் அலறியபோது, "உங்கட கஞ்சத்தனத்துக்கு என்ட இந்தப் புள்ளையும் மௌத்தாகணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பவில்லை. "மூச்ச மெதுவா எடுங்க மகள்" என்று அவளிடம் மட்டும் சொன்னார். கால் ஓர் இம்மியும் இறங்கவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மறுநாள் வெளியே வந்தால், கார் விட்ட இடத்திலேயே நிற்கிறது. டாங்கியில் பெற்றோல் முடிந்துவிட்டதாம், அந்த சேர் பஸ்ஸில் போய்விட்டார் என்றார் காவலாளி. வேகமாக மிதித்திருந்தால் வழியிலேயே நின்றிருப்போம். புறப்படும்போதே அவருக்கு அது தெரியும்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே சேர்" என்றேன் பிறகு. "சொன்னா புள்ள பயந்திடும். நீங்க ஏசினா எனக்கு மட்டும்தானே" என்றார். மாப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் மோட்டார் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்து, காற்றுக் குறைவு என்று ஏசத் தொடங்கிவிட்டார். வந்த ஆத்திரத்தில் கேட்காமலே விட்டேன். அதன் பிறகும் எத்தனையோ காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே போய்விட்டது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், வழமைப்படி அவருடைய மூத்த மகன் எழுந்து, வாப்பா யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் மாப்புச் செய்யுங்கள் என்று கேட்டார். செய்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்க வேண்டியவன் நான். மையித்தாய்க் கிடப்பவரிடம் மாப்புக் கேட்க முறை ஒன்றும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, நான் கேட்காமல் விட்ட அந்த மாப்புத்தான்.