குடுமி கொத்தனார் ஆன கதை

சவப்பெட்டி விக்கிறவனுக்கும் வீடியோ கேம் கடை வச்சிருக்கிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க, நாலு பேர் செத்தாத்தான் ரெண்டு பேர் வீட்லயும் அடுப்பு எரியும். முதல்ல விழுப்புரம், அப்புறம் திண்டிவனம்னு இருபது வருஷம் இந்தப் பொழப்புல காலத்தை ஓட்டினேன். ஷட்டரைத் தூக்கிட்டு, ஊதுபத்தி கொளுத்திட்டு, ரோட்ல போற மூஞ்சிங்களையே பார்த்துக்கினு உக்காந்திருக்கிற சக பாவிங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்குச் சொல்லவே வேணாம், புரியும். மாச சம்பளக்காரங்க சும்மா சிரிச்சிட்டுப் போங்க.

ரூபாய்க்கு மூணு உயிர்

தொண்ணூத்தி மூணுல விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்துல கடை போட்டேன். ஒரு கலர் டிவி, ஒரு கேம் மிஷின், ரெண்டு ஜாய்ஸ்டிக், நாலு ஸ்டூல். மத்த கடையில மணிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. எனக்கு அது சரிப்படல. "அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்குணா"ன்னு தெனமும் கடிகாரத்தை வச்சு சண்டை. அதனால ரூபாய்க்கு மூணு உயிர்னு போர்டு எழுதிட்டேன். மூணும் போச்சா, எழுந்திரு, அடுத்தவன் உக்காரட்டும். செத்ததை டிவியே காட்டிடும், பேச்சே கெடையாது.

கடையில ஓடினது ஒரே கேம்தான். கத்தி வச்ச ஒருத்தன், உச்சந்தலையில குடுமி. கேசட் மேல இருந்த எழுத்து எந்த ஊர் எழுத்துன்னு எவனுக்கும் தெரியாது, அதனால பசங்க கேமுக்கே 'குடுமி'ன்னு பேர் வச்சிட்டானுங்க. அவனோட ஊரை எதிரி கொளுத்திடுவான், இவன் பழிவாங்கப் போவான், அவ்ளோதான் கதை. ஆனா சத்தியமா சொல்றேன், அந்தக் குடுமி ஓடி வர்ற அழகுக்கு நான் அடிமை. சாப்பாட்டை ஒரு கையில வச்சிக்கினு ஆடியிருக்கேன்.

அப்ப ஐடிஐ படிக்க வந்த ஏழுமலைன்னு ஒருத்தன். மரக்காணம் பக்கம் கடலோர குப்பத்துப் பையன், அப்பா மீன் பிடிக்கிறவரு. ஒரு ரூபாயைக் குடுத்துட்டு சாயங்காலம் உக்காந்தான்னா, கடை மூடுற வரைக்கும் சாவ மாட்டான். சுத்தி நிக்கிறவன் எல்லாம் வாயைப் பொளந்துக்கினு பார்க்கிறானே தவிர, ஒருத்தனும் காசு எடுக்கல. ஒரு நாள் பொறுக்க முடியாம, "டேய், பொழப்பு கெடுதுடா, ஒரு வாட்டியாவது சாவுடா"ன்னு கெஞ்சியே கேட்டேன். திரும்பிக் கூட பார்க்காம சொன்னான்: "வோணும்னா என்னை ரெண்டு அறை அறைஞ்சிக்கோணா, குடுமியை மட்டும் சாவச் சொல்லாத."

எரியிற ஊரு

விழுப்புரத்துல வாடகை ஏறினதும் திண்டிவனத்துக்கு வந்துட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்துக்குப் பத்து கடை. போர்டுல குடுமி படத்தை ஆளுயரத்துக்கு வரைஞ்சேன். கேசட் போய் டிஸ்க் வந்துச்சு. குடுமி ரெண்டு, குடுமி மூணு, நாலுன்னு வந்துக்கினே இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ரத்தம் கூடிச்சு, கதை மட்டும் அதே கதை. முதல் நிமிஷத்துல ஊரு எரியும். அதே கிணறு, அதே மணிக்கூண்டு, அதே வளைவுப் பாலம். ஒரு பயலும் அதைப் பார்க்க மாட்டான். பட்டனைத் தட்டித் தள்ளி விட்டுட்டு நேரா சண்டைக்குப் போயிடுவான்.

தெனம் ரயில்ல சென்னைக்கு வேலைக்குப் போய் வர்ற ஒருத்தரு, ரயில் லேட்டுன்னா நம்ம கடையில வந்து ஒதுங்குவாரு. ஆட மாட்டாரு, வேடிக்கைதான். நாலாவது பாகம் வந்த அன்னிக்கு ஊரு எரியிறதைக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிட்டு முழுசா பார்த்தாரு. அப்புறம் கேட்டாரு: "ஏங்க, பத்து வருஷமா எரியுதே, அந்த ஊர்ல ஒருத்தன் கூட ஒரு வாளி தண்ணி ஊத்த மாட்டானா?"

தொட்டா வேலை செய்யாத டிவி

அப்புறம் எல்லார் கையிலயும் போன் வந்துச்சு. அதோட நம்ம கதை முடிஞ்சிச்சு. ஸ்டூல்ல தூசி. குடுமி ஆறாவது பாகத்துல கத்தியைப் பிடுங்கிட்டுத் துப்பாக்கியைக் குடுத்தானுங்க. குடுமியையும் வெட்டிட்டானுங்க! போட்டுப் பார்த்துட்டு நானே மிஷினை ஆஃப் பண்ணிட்டேன். நான் உருகி உருகி ஆடின ஆளு மேல எனக்கே வெறுப்பு வந்துச்சு. போர்டுல இருந்த படத்தைப் பார்க்காம ஷட்டரைத் தூக்கப் பழகிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை, சின்ன வயசுல என் கடையில ஆடினவரு ஒருத்தரு தன் பொண்ணைக் கூட்டிக்கினு ஆசையா வந்தாரு. அஞ்சு வயசு இருக்கும். "அப்பா இங்கதான் ஆடுவேன்"னு காட்டினாரு. அந்தக் கொழந்தை டிவி கிட்ட போய் வெரலால குடுமியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச்சு. அவன் நகரல. அது திரும்பி சொல்லிச்சு: "அப்பா, இது கெட்டுப் போச்சுப்பா, வா போலாம்."

வசந்தா சொன்னது

என் வீட்டுக்காரி வசந்தா வாயைத் தொறந்தா ரெண்டே வார்த்தைதான், ஆனா ரெண்டும் தைக்கும். கடையைக் கேட்டு சிக்கன் பக்கோடாக்காரர் ஒருத்தரு வந்துக்கினே இருந்தாரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எடம், விடுவாரா? பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கன்னுட்டுப் போனாரு. நான் மென்னு முழுங்கினேன். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்டி, கேம்ல யாராவது வந்து விழுவானுங்க"ன்னேன். சோத்தைப் போட்டுக்கினே சொன்னா: "உங்க கடையில இப்ப தெனம் விழுந்து சாவறது நாம ரெண்டு பேருதான்."

தப்பா வந்த டிஸ்க்

கடைசியா ஒரு முயற்சின்னு சென்னைக்குப் போய், நான் எப்பவும் சரக்கு எடுக்கிற கடையில புது குடுமி கேட்டேன். பேப்பர்ல சுத்திக் குடுத்தான். கடைக்கு வந்து பிரிச்சா, அட்டையில குடுமி நிக்கிறான், பழைய குடுமியோடயே. ஆனா கையில கத்தியைக் காணோம், சுத்தியலு! தோள்ல மரக்கட்டை, பக்கத்துல செங்கல்லு. போன் போட்டு கத்தினேன். "ரிட்டர்ன் கெடையாது சார்"னு வச்சிட்டான்.

சரி, வந்தது வந்துச்சுன்னு போட்டேன். ஆறாவது பாகத்தோட ஜாய்ஸ்டிக்கை விட்டவன் நான். சண்டை எல்லாம் முடிஞ்சு குடுமி ஊருக்குத் திரும்பி வர்றான். ஊரு சாம்பலா கெடக்கு. அதே கிணறு, இடிஞ்ச மணிக்கூண்டு, பாதிப் பாலம். அவ்ளோதான் கேமு. சாம்பலை அள்ளு, கிணத்தைத் தூரு வாரு, கல்லு சொம, ஒவ்வொரு வீடா கட்டு. வீடு ஒண்ணு முடிஞ்சா, ஓடிப்போன சனம் ஒண்ணு ரெண்டா திரும்பி வந்து உக்காருது. எவனும் அடிக்க வரல. நான் கிணத்தைத் தூரு வாரி முடிச்சேன். தண்ணி ஊறிச்சு. நாப்பது வயசு தாண்டின ஆம்பளை, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இத்தனை வருஷம் அந்த ஊரைத் தள்ளித் தள்ளி விட்டுட்டு ஓடியிருக்கோமே, அங்க ஒரு கிணறு இருந்ததையே பார்க்கலியே!

அந்த நேரம் பார்த்து காலேஜ் பையன் ஒருத்தன் உள்ள வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணா, யாரையும் வெட்ட வேணாமா? அப்ப எதுக்குணா கேமு?"

சதுர அடி ரேட்டு

ஆனா ஒரு ஆளு மாட்டினாரு. கூட்டேரிப்பட்டு சேகர் மேஸ்திரி. கட்டட வேலை முடிச்சிட்டு, பஸ் வர்ற வரைக்கும் டீ கிளாஸோட வாசல்ல நின்னு டிவியைப் பார்த்தாரு. "இன்னாய்யா இவன், கடக்கால் போடாம சுவரு ஏத்தறான்?"னு கோவமா உள்ள வந்தவரு, ஜாய்ஸ்டிக்கை வாங்கி, அன்னிக்கு மூணு பஸ்ஸை விட்டாரு. பகல் முழுக்க செங்கல் அடுக்கிட்டு வந்த மனுஷன், சாயங்காலம் காசு குடுத்து செங்கல் அடுக்கறாரு! அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர், நாலு பேர். பழைய குடுமி ஆளுங்கதான். தலை நரைச்சவனுங்க, தொப்பை வச்சவனுங்க.

இப்ப பேஜாரு இன்னான்னா, காசு எப்படி வாங்கறது? இந்தக் கேம்ல எவனும் சாவறதில்ல. உக்காந்தவன் எழுந்திரிக்கிறதில்ல. என் போர்டோ ரூபாய்க்கு மூணு உயிர்னே இருக்கு. பழையபடி மணிக்கணக்குக்குப் போலாம்னா, "செங்கல் வேகற நேரத்தைக் கழிச்சிக்கணும்ணா"ன்னு ஆரம்பிக்கிறானுங்க. மேஸ்திரிதான் தீர்ப்பு சொன்னாரு: "சதுர அடிக்குப் பேசிக்கலாம் மொதலாளி, மெட்டீரியல் உங்களுது, லேபர் என்னுது."

நான் பூசின சுவரு

அப்படியே ஒரு மாசம் ஓடிச்சு. மணிக்கூண்டு நின்னுச்சு, பாலம் முடிஞ்சிச்சு. ஒரு நாள் மேஸ்திரியே, "அந்த மொதல் குடுமி இருக்கா மொதலாளி, ஒரு வாட்டி பார்க்கணும்"னாரு. பரண்ல ஏறி, விழுப்புரத்துல வாங்கின மிஷினை எறக்கி, ஊதி ஊதி கேசட்டைச் சொருகினேன். ஓடிச்சு! எல்லாரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கினு உக்காந்தோம்.

ஊரு வந்துச்சு. கொசகொசன்னு பழைய படம்தான், ஆனா எங்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரிஞ்சிச்சு. யாரும் பட்டனைத் தட்டித் தள்ளல. எதிரி தீப்பந்தத்தோட வந்தான். மணிக்கூண்டு பக்கம் திரும்பினான். மேஸ்திரி எழுந்து நின்னுட்டாரு. சண்டை ஆரம்பிச்சதும் ஜாய்ஸ்டிக்கை என் கையில இருந்து பிடுங்கினாரு. இருபது வருஷத்துல என் கடையில எவனும் அவ்ளோ வெறியா ஆடி நான் பார்த்ததில்ல. டிவியைப் பார்த்து அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்: "டேய் கஸ்மாலம், அது நான் பூசின சுவருடா!"

ஏழுமலை கட்டின வீடு

அந்த மாசம் கடலோரமா புயல் அடிச்சிச்சு. திண்டிவனத்துல மரம் விழுந்து கரண்ட் போனதோட சரி. மரக்காணம் பக்கம் குப்பத்து சனங்களுக்கு எல்லாம் போச்சு. நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, தார்பாய் வாங்கிக்கினு போன ஒருத்தன் என் போர்டு முன்னாடி நின்னான். தலை முக்கால்வாசி வெள்ளை. "இன்னாணா, இவன் இன்னும் சாவலியா?"ன்னான். குரலைக் கேட்டதும்தான் தெரிஞ்சிச்சு, ஏழுமலை! ஐடிஐயைப் பாதியில விட்டுட்டு அப்பாவோட கடலுக்குப் போனவன், இப்ப படகும் உடைஞ்சு, வூடும் போயி நிக்கிறான்.

டீ வாங்கிக் குடுத்து, ஜாய்ஸ்டிக்கை நீட்டினேன். "வெரலு மடங்க மாட்டுதுணா, கயிறு இழுத்து இழுத்து"ன்னான். இதுல அவசரமே இல்லடா, மெதுவா ஆடுன்னேன். உக்காந்தான். கேம்ல அந்த ஊருக்கு ஒரு பக்கம் கடல். கடலோரமாத்தான் எல்லாரும் வீடு கட்டுவாங்க, அங்கதான் அழகு. இவன் மேட்டுல போய் எடம் பார்த்தான். கிணத்துக்குப் பின்னாடி, ஒசரமா. தார்பாய் வாங்க வர்ற சாக்குல, ஷீட்டு வாங்க வர்ற சாக்குல, அடிக்கடி வந்து ஒவ்வொரு சுவரா ஏத்தினான். வலை காயப் போட தனியா எடம் விட்டான். கடல் இருக்கிற பக்கம் மட்டும் ஒரு ஜன்னல் கூட வைக்கல. "ஏண்டா, அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வையேன், பார்க்க எவ்ளோ நல்லா இருக்கும்"னேன். தலையை ஆட்டினான்: "வேணாம்ணா. பார்த்தது போதும்."

கடைசி நாள்

ஆறு பேர் மெதுவா செங்கல் அடுக்கறதுல கடை வாடகை எங்க நிமிரும்? பொங்கல் முடிஞ்சதும் வசந்தா கணக்கு நோட்டைக் கொண்டாந்து முன்னாடி வச்சா. எனக்கே தெரிஞ்சிச்சு. பக்கோடாக்காரர் கிட்ட சரின்னுட்டேன். வெறுப்புல மூடியிருந்தா வலிச்சிருக்காது. இருபது வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் ஆசை வந்த நேரத்துல மூடறேன் பாருங்க, அதுதான் தாங்கல.

கடைசி நாளு மத்தியானம் ஏழுமலை அவன் வீட்டுக்காரி அஞ்சலையோட வந்தான். புயல்ல ஓடு விழுந்து அவளுக்குக் கை உடைஞ்சிருந்துச்சு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கட்டைப் பிரிச்சிட்டு, ஊருக்குப் போற வழியில எறங்கி வந்திருக்காங்க. "இவளுக்கு ஒரு வாட்டி காட்டிட்டுப் போறேன்ணா"ன்னான். மிஷினைப் போட்டேன். குடுமியை நடக்க விட்டு ஒவ்வொரு எடமா காட்டினான். இது அடுப்படி, இது பசங்க படுக்க, இது வலை காயப்போட. அவ அந்த மெலிஞ்ச கையை மடியில வச்சிக்கினு, கண்ணு கொட்டாம பார்த்தா.

"மிஷினை நீயே எடுத்துக்கினு போடா, எனக்கு இன்னாத்துக்கு?"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன். சிரிச்சான். "தார்பாய்க்குள்ள கெடக்கிறோம்ணா, கரண்டுக்கு எங்க போவேன்?" வெளிய பக்கோடாக்காரர் அடுப்பு வைக்க எடம் அளந்துக்கினு இருந்தாரு. அஞ்சலை அவரைப் பார்த்தா, டிவியைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டா: "வூடு நல்லாத்தாங் கீதுணா. நீ கடைய மூடிட்டா இதுவும் பூடுமா?"

திண்டிவனத்துல கரண்டோட பத்துக்குப் பத்து எடம் எங்கியாவது சும்மா கெடந்தா சொல்லுங்க, ஒரு ஊரையே மிஷினோட துணிப்பையில போட்டு பீரோ மேல வச்சிக்கினு முழிச்சிக்கினு இருக்கேன்.