கப்பலுக்கு ஒரு பாட்டு

"இந்தப் பொட்டி எங்க விக்கிறாங்கோ, பாப்பா?"

சுருட்டிய வாரப் பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றது இன்றும் கண்ணிலேயே இருக்கிறது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. துறைமுகத்துச் சங்கு கேட்டு உலை வைக்கும் ராயபுரத்துத் தெரு எங்களுடையது. நான் பள்ளிக்கூட டீச்சர். விஞ்ஞானக் கதை எழுதுகிறவள் என்ற தலைக்கனமும் உண்டு. அந்த வாரம் அச்சாகியிருந்த என் கதையில், இரண்டாயிரமாவது ஆண்டில் ஒரு தாய், தீப்பெட்டி அளவு ஒயர்லெஸ் பெட்டியில் சந்திரனில் இருக்கும் மகனோடு பேசுவாள். என் அம்மா பெருமை தாங்காமல் அதைத் தெருப் பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருந்தாள். அச்சில் வந்துவிட்டால் அது நடந்த சேதி என்றுதான் அத்தைக்கு நினைப்பு.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எங்க வூட்டுக்காரு இழுத்துகினு கீறாரு. புள்ளையாண்ட ஒரு வார்த்த சொல்லணும். சந்திரனுக்கே கேக்குதாம், கப்பலுக்குக் கேக்காதா?" என்றாள் அத்தை.

மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கி நெஞ்சு கெட்டுப்போய்ப் படுத்துவிட்டவர். ஒரே மகன் சரக்குக் கப்பலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் துறைமுகம் துறைமுகமாக அவனைத் துரத்திக்கொண்டிருந்தன. கப்பல் ஆபீசில் சொல்லி அனுப்புகிறோம் என்றதோடு சரி. மாமா கண்ணை மூடுவதற்குள் மகன் காதில் விஷயம் விழ வேண்டும், அத்தைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்படி ஒரு பெட்டியே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது. கடல் தாண்டி ஒரு நிலையத்திலிருந்து, நேயர்கள் கேட்கும் சினிமாப் பாட்டுகளைப் பெயர் சொல்லிப் போடுவார்கள். நடுக்கடலிலும் அது எடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று மகனுக்குச் சொல்லும்படி அந்த நிலையத்துக்குக் கார்டு எழுதிப் போட்டேன். தாலாட்டாகப் போடச் சொல் என்றார் மாமா.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரேடியோவை எங்கள் ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்துவிடுவோம். அத்தை எங்கள் வீட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அகலமில்லாத தெரு; எதிரே கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் மாமாவுக்கும் நன்றாகக் கேட்கும். நாலாவது வாரம் பெயர் வந்தது. ராயபுரத்திலிருந்து தாயும் தந்தையும், கப்பலில் இருக்கும் தங்கள் மகனுக்காக என்றார் அறிவிப்பாளர். உடம்பு சங்கதியை அவர் வாசிக்கவே இல்லை. பெயர் மட்டும், பிறகு தாலாட்டு. அத்தையோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். மாமா முகமெல்லாம் மலர்ந்து, "கேட்டுகினு இருப்பான்" என்றார். புதன்கிழமை போய்விட்டார்.

கதையில் நான் எழுதிய பெட்டி இப்போது காய்கறிக்காரர் சட்டைப் பையில்கூட இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து என் மகள் தினமும் பேசுகிறாள். பாதி நாள் பேச விஷயம் இல்லாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைக்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு அத்தையின் மகன் வந்திறங்கிய காலைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஏதோ ஒரு துறைமுகத்தில் கடிதம் கைக்குக் கிடைத்து, மாமா போன மூன்றாம் மாதம் வந்து சேர்ந்தான். அழுது ஓய்ந்ததும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை கேட்டாள்: "ரேடியோவுல உம் பேரு வந்துச்சே, கேட்டியாடா?"

பாய்லர் அறையில் கரி தள்ளுகிறவனுக்கு ரேடியோ ஏது, நெருப்பு இரைச்சல்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னான். ஆனால் அம்மா கேட்டபோது தலையை நிமிர்த்தாமல், "கேட்டேம்மா" என்றான்.

"இன்னா பாட்டுடா?"

"கல்யாணப் பாட்டும்மா. நாயனம்லாம் வந்துச்சே."

திடுக்கிட்டு நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாண்டா," என்றாள் அவனைப் பார்த்து. "அதே பாட்டுதான்."